லிப்ரியம் 25-ஐ நிறுத்திவிட்டு லோராசெபம் 2 ஏன்? குடியை நிறுத்தும்போது கொடுக்கும் மாத்திரைகள் பற்றி

கேள்வி சுருக்கமாக இதுதான். பாம்பன் பக்கம் விசைப்படகுக்குப் போகிறவர், வயது 44, இருபது வருடக் குடி. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்து ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். மறுநாளே கை உதறல். உள்ளூர் டாக்டர் லிப்ரியம், அதாவது குளோர்டயசெபாக்சைடு 25 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் ராத்திரி ஆளே மாறிப்போய், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு லோராசெபம் 2 மில்லிகிராம் போட்டிருக்கிறார்கள். "25-க்கே அடங்காத ஆளுக்கு 2 எப்படிப் போதும்? ரெண்டில் எது நல்ல மருந்து? மிச்சம் இருக்கிற பழைய மாத்திரையை வீட்டில் கொடுக்கலாமா?" என்று அவருடைய மைத்துனர் கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். அட்டையில் எத்தனை மிச்சமோ அதை அப்படியே எடுத்துப் போய் வார்டில் காட்டுங்கள். எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த டோஸை அவர்களால் சரியாகக் கணக்குப் போட முடியும்.

நான் இராமநாதபுரம் கரையோரத்தில் பதினேழு வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறவன். மனநல மருத்துவன் இல்லை. ஆனால் இங்கே பொது வார்டில் உட்கார்ந்தாலே இந்த நோய் தேடி வந்துவிடும். கால் உடைந்து கட்டுப் போட்டுப் படுத்திருப்பவர் மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்ப்பார். காலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. குடி நின்று மூன்று நாள் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

சரி, 25-க்கும் 2-க்கும் வருவோம். மில்லிகிராம் என்பது மருந்தின் எடை. அதன் வேகம் அதில் தெரியாது. நம்ம ஊர் முண்டு மிளகாய் ஒரு கை போடுகிற குழம்புக்குக் காந்தாரி நாலே போதும் இல்லையா, அந்தக் கணக்கு. ஏறத்தாழச் சொன்னால் குளோர்டயசெபாக்சைடு 25, டயசெபாம் 10, லோராசெபம் 1 முதல் 2 வரை, இந்த மூன்றும் ஒரே தட்டில் நிற்கும். ஆகவே உங்கள் மாப்பிள்ளைக்கு மருந்தைக் குறைக்கவில்லை. சமமாகவோ கொஞ்சம் கூட்டியோதான் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் மாற்றினார்கள் என்பது வேறு கதை. அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். மூளையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் காபா என்ற சமாச்சாரம் ஒன்று, வேகத்தைக் கூட்டும் குளூட்டமேட் என்பது ஒன்று. சாராயம் முதலாவதைத் தூக்கிவிடும், இரண்டாவதை அமுக்கும். இருபது வருடம் தினமும் இப்படி ஒரே பக்கம் தள்ளினால் மூளை சும்மா இருக்காது. பக்கவாட்டுக் காற்றில் போகும் படகில் சுக்கானை எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்தே ஓட்டுவது போல ஓட்டப் பழகிவிடும். திடீரென்று காற்று விழுந்தால்? அழுத்திப் பிடித்த பக்கமே படகு சுழன்றுவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு எல்லாம் அந்தச் சுழற்சிதான்.

இதற்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. கடைசிக் குடியிலிருந்து 6 மணி நேரத்துக்கு மேல் நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். 48-லிருந்து 96 மணி வரைக்கும்தான் பெரிய ஆபத்து. புத்தகத்தில் டெலிரியம் ட்ரெமன்ஸ், வார்டில் டி.டி., பழைய ஆட்கள் வாயில் ஜன்னி. நேரம், இடம், ஆள் மூன்றும் குழம்பிப் போகும். காய்ச்சல் அடிக்கும், நாடி எகிறும், இல்லாதது கண்ணில் தெரியும்.

ஒருவரைச் சொல்கிறேன், மறக்க முடியாதவர். ராத்திரி இரண்டு மணி. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போர்வையின் ஓரத்தை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்ததை மடியில் சேர்த்து, விரலால் எதையோ பிரித்து எடுத்து, வலது பக்கம் போட்டார். வலைதான். கண்ணி கண்ணியாக மீன் கழற்றுகிற அதே விரல் அசைவு. வலது பக்கம் நின்ற நர்ஸம்மாவைப் பார்த்து, "ஐஸ் போடுடா தம்பி, கணவாய் வெந்துரும்" என்றார். அந்த அம்மாவும் "போட்டாச்சுண்ணே" என்று சொல்லிக்கொண்டே கையில் ஊசி வழியைப் பிடித்தார். செய்கிற தொழிலையே படுக்கையில் செய்து காட்டுவது இந்த நோயின் பழைய அடையாளம். தையல்காரர் ஊசி கோப்பார், டிரைவர் கியர் மாற்றுவார். நம் கரையில் வலை.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு இது பேய், செய்வினை என்று தோன்றுவதில் ஆச்சரியமே இல்லை. நேற்று வரை நன்றாகப் பேசியவர், குடியைக்கூட விட்டுவிட்டவர், இன்று சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்கிற குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்த பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. வேண்டுதலை நான் தடுப்பதில்லை. ஆனால் இந்த நோயில் அந்த மூன்று நாலு நாளை ஆஸ்பத்திரியில் கழித்துவிட்டு அப்புறம் போகச் சொல்வேன். வைத்தியம் இல்லாவிட்டால் டி.டி. ஆளைக் கொல்லும். வைத்தியம் பார்த்தால் பெரும்பாலானவர்கள் எழுந்து நடந்துதான் வீட்டுக்குப் போகிறார்கள்.

இனி மருந்துகள். நீங்கள் கேட்ட இரண்டும் பென்சோடயசெபின் என்ற ஒரே குடும்பம். சாராயம் தட்டிய அதே காபா கதவைத்தான் இவையும் தட்டுகின்றன. அதனால்தான் வேலை செய்கின்றன. விழுந்துபோன காற்றை ஒரு அளவோடு திரும்ப வீசவைத்து, பிறகு நாலைந்து நாளில், சிலருக்கு ஒரு வாரத்தில், மெல்லக் குறைப்பது. குடும்பத்தின் மூத்த பிள்ளை குளோர்டயசெபாக்சைடு. 1960-இல் லிப்ரியம் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. டயசெபாம் 1963. 1969-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் குடி நிறுத்திய 537 பேரைப் பிரித்து, சிலருக்குக் குளோர்டயசெபாக்சைடு, சிலருக்குக் குளோர்புரோமசின், இன்னும் சிலருக்கு வேறு மருந்து, வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். வலிப்பும் ஜன்னியும் குளோர்டயசெபாக்சைடு எடுத்தவர்களிடம்தான் மிகக் குறைவு. இந்தக் குடும்பம் முதல் இடத்துக்கு வந்த கதையில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு.

குடும்பத்துக்குள் எது நல்லது என்று கேட்டால், கதவைத் தட்டுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. உடம்பை விட்டு வெளியே போகிற வழியில்தான் வித்தியாசம். உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

குளோர்டயசெபாக்சைடும் டயசெபாமும் ஈரலில் படிப்படியாக உடைகின்றன. உடைந்த துண்டுகளும் மருந்தாகவே வேலை செய்கின்றன, அதுவும் நாள் கணக்கில். ஈரல் நன்றாக இருப்பவருக்கு இது வரம். இரண்டு மூன்று நாள் கொடுத்து நிறுத்தினாலும் மருந்து தானாகவே மெதுவாக இறங்கும். ஒரு வேளை மாத்திரை தவறினாலும் பள்ளத்தில் விழுந்தது போல் இருக்காது. வலிப்பு வராமல் காப்பதற்கும் இந்த நீண்ட வால் உதவுகிறது. ராத்திரி ஒரே ஒரு நர்ஸ் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு மிகவும் பிடித்த மருந்து இதுதான்.

ஈரல் கெட்டிருந்தால் அதே வால் கழுத்தைச் சுற்றும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தப்புச் செய்து தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணில் லேசாக மஞ்சள் தட்டிய ஒருவருக்கு, அட்டவணையில் இருந்தபடி வேளை தவறாமல் குளோர்டயசெபாக்சைடு எழுதினேன். முதல் நாள் அமைதி. இரண்டாம் நாள் நல்ல தூக்கம். "அய்யா கைராசி" என்றார் அவர் மனைவி. மூன்றாம் நாள் தட்டினால்தான் கண் திறந்தார். நான்காம் நாள் தட்டியும் திறக்கவில்லை. மருந்து உள்ளே சேர்ந்துகொண்டே போயிருக்கிறது, ஈரல் வெளியே அனுப்பவில்லை. கெட்ட ஈரலே தன்னளவில் மூளையை மந்தமாக்கும் என்பதால், எது மருந்து, எது ஈரல் என்று பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை. மாத்திரையை நிறுத்தி, மூச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ஆறாம் நாள் எழுந்து காபி கேட்டார். அன்றிலிருந்து மாத்திரை எழுதும் முன் கண் இமையை இழுத்துப் பார்ப்பது, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது, இரண்டும் கைப்பழக்கமாகிவிட்டது.

லோராசெபம் வேறு வழியாகப் போகிறது. ஈரல் அதை உடைப்பதில்லை, ஒரு சர்க்கரை அமிலத்தோடு ஒட்டி அப்படியே சிறுநீருக்கு அனுப்பிவிடுகிறது. ஈரல் கெட்டாலும் இந்த ஒட்டுகிற வேலை ஓரளவு தாக்குப்பிடிக்கும். பின்னால் வால் துண்டுகளும் கிடையாது. ஆக்ஸாசெபமும் இதே வகைதான். ஆகவே காமாலை, வயிற்று நீர், வயதானவர், நெஞ்சுச் சளியோடு மூச்சு வாங்குகிறவர், இவர்களுக்கு லோராசெபம். உங்கள் மாப்பிள்ளையின் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள். பிலிருபின் (காமாலையைக் காட்டும் அளவு) கூடியோ புரதம் குறைந்தோ இருந்தால் மாத்திரை மாறியதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இருபது வருடக் குடிக்கு அது புதிதும் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். குழம்பிப்போன ஆள் மாத்திரையை விழுங்க மாட்டார், துப்புவார். அப்போது ஊசி வேண்டும். டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு இரண்டையும் சதையில் போட்டால் எவ்வளவு ஏறும், எப்போது ஏறும் என்று நம்ப முடியாது. வலியும் அதிகம். லோராசெபம் சதையில் போட்டாலும் ஒழுங்காக ஏறும். நரம்பில் போடுவதானால் டயசெபாம்தான் வேகம், சில நிமிடத்திலேயே உச்சத்துக்குப் போய்விடும். லோராசெபம் நரம்பில் போட்டாலும் உச்சத்துக்கு வரப் பத்து இருபது நிமிடம் எடுக்கும். "அடங்கலையே, இன்னொண்ணு போடுங்க" என்று ஐந்து நிமிடத்தில் சொந்தக்காரர்கள் நெருக்குவார்கள். அதைக் கேட்டு அடுத்தடுத்துப் போட்டால் எல்லாம் ஒன்றுசேர்ந்து மூச்சை அமுக்கும். நரம்பா சதையா, பொறுப்பதா இன்னொன்று போடுவதா என்பதை வார்டில் விட்டுவிடுங்கள்.

லோராசெபத்துக்குக் குறை இல்லையா? உண்டு. வால் இல்லாததே குறை. ஆறு எட்டு மணிக்கு ஒரு முறை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் அளவு சரசரவென்று இறங்கும், நடுக்கம் திரும்பும், வலிப்பும் வரலாம். படக்கென்று நிறுத்தவும் கூடாது. ஊசி மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பது இன்னொரு தலைவலி. புயல் சின்னம் வந்து இரண்டு நாள் மின்சாரம் போகிற தீவுப் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அந்த நாட்களில் டயசெபாம் ஆம்பியூல்தான் கை கொடுக்கும்.

வலிப்பு வந்தவருக்கு மறுபடி வராமல் தடுப்பதில் லோராசெபத்துக்கு நல்ல சாட்சி இருக்கிறது. 1999-இல் வந்த ஆய்வில், குடி சம்பந்தமான வலிப்போடு வந்தவர்களுக்கு 2 மில்லிகிராம் நரம்பில் கொடுத்தபோது மறுபடி வலிப்பு வந்தது 100-க்கு 3 பேருக்கு. கொடுக்காதவர்களில் 24 பேருக்கு. நேருக்கு நேர் ஒப்பிட்டதும் உண்டு, நம் பக்கத்திலேயே. பெங்களூர் நிம்ஹான்ஸில் சிக்கல் இல்லாத குடி நிறுத்தத்துக்கு வந்த 100 பேரிடம் லோராசெபத்தையும் குளோர்டயசெபாக்சைடையும் வைத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டில் எது நல்லது என்று வேகமாகப் பதில் வேண்டுமானால் அதுதான் பதில். ஈரல் சரியாக இருந்தால் எதுவும் ஆகும்.

எந்த மாத்திரை என்பதைவிட எப்படிக் கொடுப்பது என்பதில் லாபம் அதிகம். மணி அடித்தபடி கொடுக்காமல், நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம் என்று பத்து விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டு, எண் ஏறினால் மட்டும் மாத்திரை கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. மொத்தம் 67 மதிப்பெண். 1994-இல் வந்த ஓர் ஆய்வில் இப்படிக் கொடுத்தவர்களுக்குச் சராசரியாகக் குளோர்டயசெபாக்சைடு 100 மில்லிகிராமே தேவைப்பட்டது. மணிக்கணக்கில் கொடுத்தவர்களுக்கு 425. சிகிச்சை நேரமும் 68 மணியிலிருந்து 9 மணியாகச் சுருங்கியது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஆளைப் பார்த்து மதிப்பெண் போட ஒருவர் வேண்டுமே. நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் உள்ள வார்டில் மணிக்கணக்கு முறையும் நீண்ட வால் மருந்துமே நடைமுறை. பழைய முறை என்று யாராவது முகம் சுளித்தால் ஒரு ராத்திரி அந்த வார்டில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற மருந்துகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாலோபெரிடால் ஊசி ஆளை அடக்கும், ஆனால் வலிப்பைத் தடுக்காது, வரும் வாசலை இன்னும் கொஞ்சம் திறந்துவிடும். பென்சோடயசெபினோடு துணையாகப் போடலாம், தனியாகக் கூடாது. பீட்டா பிளாக்கர், குளோனிடின் இரண்டும் படபடப்பை மறைக்கும். உள்ளே நெருப்பு அப்படியே இருக்கும். கார்பமசெபின், கபாபென்டின் லேசான நிலைக்குப் பயன்படும், ஜன்னிக்கு நம்ப முடியாது. பழைய பீனோபார்பிடோன் இப்போது திரும்பவும் மரியாதை பெற்று வருகிறது. 2013-இல் ஓர் ஆய்வில் அவசரப் பிரிவிலேயே ஒரு டோஸ் சேர்த்துக் கொடுத்தபோது தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள் நூற்றுக்கு 25-லிருந்து 8 ஆகக் குறைந்தார்கள். மூச்சைக் கண்காணிக்க வசதி உள்ள இடத்தில் நல்ல ஆயுதம். எதற்கும் அடங்காதவருக்கு ஐ.சி.யூ.வில் மிடசோலம், புரோபோஃபால் என்று போகும். அது மூச்சுக்குழாய் போடத் தயாராக இருக்கும் இடத்தின் வேலை.

அல்பிரசோலம் பற்றித் தனியாக ஒரு வரி. "தூக்கம் வரலை" என்று சொல்லி மெடிக்கலில் கெஞ்சி வாங்கி வருவது இதைத்தான். கால் மணி நேரச் சுகம் மாதிரி வந்து போகும், பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அல்பிரசோலம், டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு எல்லாம் எச்1 பட்டியல் மருந்துகள், சீட்டு இல்லாமல் தரவே கூடாது, தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. குடியோடு சேர்ந்தால் இந்தக் குடும்பம் முழுவதும் மூச்சை நிறுத்தக்கூடியது. மாத்திரை போட்டுக்கொண்டே ஒரு குவார்ட்டர் அடித்தவர்களில் சிலர் காலையில் எழுந்திருக்கவில்லை.

இத்தனை தூக்க மருந்தைப் பேசிவிட்டு, தூங்கவே வைக்காத ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தயமின், அதாவது பி1 வைட்டமின். வருடக்கணக்கில் குடித்து, சாப்பிடாமல் கிடந்தவருக்கு அது காலியாகியிருக்கும். நம் ஊரில் ஆள் சோர்ந்து விழுந்தால் முதல் வேண்டுகோள், "டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க." பி1 இல்லாத மூளைக்குள் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருந்த பி1-உம் அதில் கரைந்து போகும். கண் ஒரு பக்கம் சாயும், நடை தள்ளாடும், குழப்பம் கூடும். சிலருக்கு ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும். குடிபோதையில்தான் தள்ளாடுகிறார் என்று வீட்டில் நினைப்பார்கள். ஆகவே தயமின் ஊசி முதலில், இல்லாவிட்டால் பாட்டிலோடு சேர்த்து. மாத்திரையாகக் கொடுத்தால் குடல் சரியாக உறிஞ்சாது. உங்கள் மாப்பிள்ளைக்கு அந்த ஊசி ஓடுகிறதா என்று வார்டில் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கயிறு கட்டியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் குடியை நிறுத்தும் வழிகள் எல்லாமே படக்கென்று நிறுத்துவதுதான். கயிறு, கார்த்திகை மாலை, தவக்காலம், கடலில் பிடிபட்டுக் காவலில் இருப்பது, ஆஸ்பத்திரிப் படுக்கை. மனசு உறுதியாக இருக்கும்போது உடம்புக்கு அவகாசம் கிடைப்பதில்லை. கயிறு கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுவதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்கிறேன். முன்பு வலிப்பு வந்தவர், ஜன்னி கண்டவர், காலையில் கண் விழித்ததும் கை நடுக்கத்துக்காகவே ஒரு கட்டிங் தேவைப்படுகிறவர், இவர்கள் வீட்டில் நிறுத்தவே கூடாது. இங்கே தூரமும் ஒரு நோய். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து மதுரை 100-க்கு மேல். வலிப்பு வந்த பிறகு 108-க்குப் போன் போடுவதைவிட, வருவதற்கு முன்னால் படுக்கையில் இருப்பது மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கட்டிக்கிடக்கும்போது திட்டமிட்டு வந்து படுத்தவர்கள் நன்றாகத் தேறியதைப் பார்த்திருக்கிறேன். சம்பாத்தியம் போகிறதே என்ற அரிப்பு அப்போது இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பற்றி யாராவது காதில் ஓதுவார்கள். மீன் குழம்பில் தெரியாமல் கலந்து கொடுத்துவிட்டு, அவர் வெளியே குடித்துவிட்டு வந்தால் நெஞ்சு அடைக்கும், இரத்த அழுத்தம் விழும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் எழுதினால் மட்டும். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குத் தமிழிலேயே பேசலாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த வாரம் படகு முதலாளி, நம் சம்மாட்டி, போன் போடுவார், "எப்ப வர்றான்?" என்று. லோராசெபம் குறைத்து முடிக்கும் வரை கடல் வேண்டாம். முடித்த பிறகும் இரண்டு மூன்று நாள் கரையில் இருக்கட்டும். முதலில் சாப்பிட்ட குளோர்டயசெபாக்சைடின் வால் இன்னும் உள்ளே இருக்கும், ஈரல் மந்தமென்றால் இன்னும் அதிக நாள். நேராக நடக்கிறாரா, மடக்கிய விரலை ஒவ்வொன்றாக நீட்டி எண்ணச் சொன்னால் தடுமாறாமல் எண்ணுகிறாரா என்று பாருங்கள். அதுவரைக்கும் வலைக்கயிறு இழுக்கும் விஞ்சு பக்கம் நிற்க விடாதீர்கள். கயிறு ஓடும்போது அரை நொடி மந்தம் போதும், விரல் போய்விடும்.